கேரளா வேனில் கேட்காத பாட்டு

வளைகுடாவிலிருந்து வந்த டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு குற்றாலத்தைச் சுற்றிய கேரளா வேன்கள் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். சாரல் தொடங்கியதும் ஆரியங்காவு மலைப்பாதையில் இறங்கி, செங்கோட்டை வழியாக வரிசையாக வருவார்கள். நாமெல்லாம் ரேடியோவில் நேயர் விருப்பத்துக்குக் காத்துக் கிடந்த காலம் அது. அவர்கள் வேண்டிய பாட்டை வேண்டிய நேரத்தில் போட்டுக் கேட்டார்கள். அதற்காகவே அவர்களை அண்ணாந்து பார்த்தோம்.

அப்படி ஒரு வேனில் கேட்டதுதான் 'ஏறி வா' பாட்டு என்று இந்த வட்டாரம் நம்புகிறது. கடையத்திலோ சுரண்டையிலோ புளியங்குடியிலோ ஒரு கோயில் கொடைக்காவது போனவர்கள் அந்தப் பாட்டைக் கேட்காமல் திரும்பியிருக்க முடியாது. கச்சேரியின் கடைசிப் பாட்டு அதுதான். கிதார் உறுமும். பெரிய டிரம் நெஞ்சில் வந்து இடிக்கும். நடுவில் ஊர்க்காரர் ஒருவர் மேடையேறி விசில் ஊதி, "தண்ணி கூடுது, ஏறி வா" என்று கத்துவார். எந்தக் கேசட்டிலும் அது வந்ததில்லை. மேடையில் மட்டுமே உயிரோடு இருக்கிற பாட்டு.

அதைப் போட்டவர் என் சித்தப்பா. எனக்கு அதில் என்றுமே சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகம் அவருக்குத்தான். "அது என் பாட்டு இல்ல, வேன்ல கேட்டது" என்று தலை நரைக்கும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். தன் பாட்டைத் தன் பாட்டு என்று அவர் வாயால் ஒருமுறை சொல்லக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அந்தப் பாட்டு பிறந்த சீசனுக்கு வருகிறேன்.

அப்பா போலீஸ்காரர். சாரல் மாதங்களில் அவருக்கு மெயின் அருவி டியூட்டி. தென்காசியில் சிற்றாற்றுப் பக்கம் வீடு. அந்த மாதங்களில் அப்பாவின் காக்கிச் சட்டை வெயிலில் காய்ந்ததே இல்லை. அம்மா அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துவாள். அதனால் சீசன் முடியும்வரை அப்பா மேல் விறகுப் புகையும் ஈரத்துணியும் கலந்த வாசனை அடிக்கும். அவருடைய விசில் பித்தளை. உள்ளே சிறு தக்கை உருண்டை. ஊரில் ஊதினால் கணீரென்று கேட்கும். அருவிக்கரையில் தக்கை ஈரத்தில் ஊறிப்போய், விசிலுக்கே ஜலதோஷம் பிடித்த மாதிரி கரகரக்கும்.

சித்தப்பா, அப்பாவின் தம்பி, எங்கள் வீட்டில்தான் இருந்தார். யானைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் வேலை. எங்கள் குடும்பத்தில் ஆண்கள் வயலைப் பார்ப்பார்கள், அல்லது போலீசுக்கோ பட்டாளத்துக்கோ போவார்கள். சித்தப்பாவுக்கு உயரமும் மார்பும் சரியாக இருந்தும் செலக்‌ஷனுக்குப் போகாமல் இழுத்துக்கொண்டிருந்தார். காரணம் கிதார்.

கடையில் விற்கிற கிதார் இல்லை அது. உடம்பு பலாக்கட்டை, ஆசாரி இழைத்தது. கழுத்து எங்கேயோ உடைந்த பழைய கிதாரிலிருந்து எடுத்தது. கம்பிகளுக்கு அடியில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்து, அதைச் சுற்றிச் செம்புக்கம்பியைத் தானே சுற்றினார். அங்கேதான் தவறு நடந்தது. மோட்டார் கட்டிப் பழகிய கை. சுற்று கூடினால் வலு கூடும் என்பது அந்தக் கடையின் கணக்கு. கிதாருக்கு வேண்டியதைவிட எத்தனையோ மடங்கு அதிகமாகச் சுற்றிவிட்டார். ஆம்ப்ளிஃபயரில் செருகினால் மற்ற கிதார்கள் போலப் பாடாது. இது உறுமும். மெல்லத் தொட்டாலும் உறுமும். மைக் செட்காரர் ஒவ்வொரு கச்சேரியிலும், "என் பெட்டி வெடிச்சா நீதாம்லே பொறுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார்.

"இந்தச் சீசன் வரைக்கும்தாம்லே பாப்பேன்" என்றார் அப்பா, ஒரு நாள் சாப்பிடும்போது. "அதுக்கப்புறம் அந்தப் பலாக்கட்டைய யாருக்காவது தள்ளிட்டு ஒழுங்கா செலக்‌ஷனுக்குப் போற."

"சரிண்ணே" என்றார் சித்தப்பா.

அண்ணன் என்ன சொன்னாலும் அவருக்கு அந்த ஒரு பதில்தான்.

அந்த ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா, பள்ளிச் சிறுமியான என்னைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். கடைவீதியில் பலாச்சுளை வாங்கித் தின்றுகொண்டிருந்தோம். அருவிக்குப் போகிற வழியை அடைத்துக்கொண்டு கேரளா வேன் ஒன்று நின்றது. உள்ளே ஐந்தாறு இளவட்டங்கள். அதில் ஒருவன் டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டான்.

அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. எடுத்த எடுப்பிலேயே ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். பின்னாலேயே கிதார் மேலிருந்து கீழே தடதடவென்று இறங்கியது, படிக்கட்டில் பாத்திரம் உருண்ட மாதிரி. சித்தப்பா கையில் பிடித்த சுளையை வாயில் போட மறந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்து விசில் கேட்டது. அப்பா வந்துகொண்டிருந்தார்.

"வண்டிய எடு! வண்டிய எடுங்க! வழிய மறிச்சிக்கிட்டு என்ன பாட்டு?"

"எடுக்காம் சாரே, எடுக்காம்" என்றான் டிரைவர். வேன் நகர்ந்தது. சித்தப்பா பின்னாலேயே ஓடினார். வளைவு வரை ஓடித் திரும்பி வந்தார். பாட்டின் முகத்தைப் பார்த்திருந்தோம், அவ்வளவுதான். உடம்பு எப்படி இருக்கும் என்று தெரியாது. பாடியவர்கள் யார் என்றும் தெரியாது.

அடுத்த நாளிலிருந்து வயலில் மோட்டார் ரூமில் உட்கார்ந்து சித்தப்பா அதை வாசிக்கப் பார்த்தார். வேன் பக்கத்தில் அவரோடு நின்ற ஒரே சாட்சி நான். அதனால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்.

"இப்படித்தானட்டி இருந்துது?"

"இல்ல சித்தப்பா. அது ஓடுச்சு. இது நடக்கு."

"ஓடல. நீ மறந்துட்ட."

"அது கீழ எறங்குச்சு. நீங்க மேல ஏறுதீங்க. ஆரம்பத்துல ஒருத்தன் கத்துனாம்லா, அதையும் காணோம்."

"அது உங்கப்பா வேன்காரன்ட்ட கத்துனது."

அவருக்குத் தாளத் துணை பேண்டு செட்டில் பெரிய டிரம் அடித்த அண்ணாச்சி. கல்யாண ஊர்வலத்துக்கு அடிப்பவர். மாப்பிள்ளை கார் எந்த வேகத்தில் நகருமோ அதுதான் அவர் வேகம். அதைவிடக் கூட்ட அவருக்கு வராது. சித்தப்பாவின் உறுமல் அந்த நடையில் ஏறி உட்கார்ந்தது. கனமாக, அவசரமில்லாமல், ஒவ்வொரு அடியையும் ஊன்றி வைத்து ஏறுகிற மாதிரி இருந்தது. "வேன்ல கேட்டது அப்படியே வந்துட்டு" என்றார் சித்தப்பா. இல்லை என்று நான் சொன்னதைக் கேட்க அங்கே ஆளில்லை.

ஆடியில் குற்றாலத்து வியாபாரிகள் சேர்ந்து, சித்தப்பா வாசிக்கிற குழுவைப் பேசி ஒரு கச்சேரி வைத்தார்கள். பிற்பகல் நேரம். கார்கள் நிற்கிற இடத்தில் மேடை. குழல் ஸ்பீக்கர்களை மரங்களில் கட்டியிருந்தார்கள். ஒன்று அருவியைப் பார்த்து இருந்தது. நான் அம்மாவோடு மேடைக்குப் பக்கத்தில் நின்றேன்.

பாட்டுக்காரர் அன்று காலையில் ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தார். கச்சேரி நாளில் அருவியில் தலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது தெரிந்தும் கொடுத்திருந்தார். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. கச்சேரியை ஏற்பாடு செய்த பழக்கடை அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது.

"பாட்டு இல்லாம என்னவே கச்சேரி? நான் ரம்புட்டான் விக்கவா, ஆள் பாடலன்னு சனத்துக்குப் பதில் சொல்லவா?"

"சொல்லு இல்லாத வாசிப்பு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி" என்றார் சித்தப்பா.

"எதையாவது வாசிச்சுத் தொலை."

வாசித்தார். மேடை முன்னால் இருந்த சிறு கூட்டம் முதலில் காதைப் பொத்தியது. இரண்டு கிழவர்கள் எழுந்து போனார்கள். ஒரு குரங்கு ஸ்பீக்கர் கட்டிய மரத்திலிருந்து இறங்கி ஓடியது.

அப்போதுதான் அருவியின் சத்தம் மாறியது. மலைக்கு மேலே பெருமழை பெய்தால் முதலில் சத்தம்தான் தடிக்கும். பிறகு வெள்ளைத் தண்ணீர் செம்மண் நிறமாகும். பிறகு அருவியில் கட்டியிருக்கிற பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி வந்து விழும். அதற்குள் ஆட்களை ஏற்றிவிட வேண்டும். அப்பாவின் விசில் கரகரத்தது. அருவிக்கு அடியில் நிற்பவனுக்கு அந்தக் கரகரப்பு எங்கே கேட்கப்போகிறது? எண்ணெய்த் தலையோடு நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே நின்றார்கள்.

அப்பா மேடைக்கு ஓடி வந்தார். தொப்பி இல்லை. ஒரே தாவலில் ஏறி மைக்கைப் பிடித்தார். "நிறுத்துலே" என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

டிரம் அண்ணாச்சி நிறுத்தவில்லை. காரணம் உண்டு. ஊர்வலத்தில் முன்னால் போகிறவர் கையைத் தூக்கினால்தான் நிறுத்துவது பேண்டு செட் வழக்கம். அப்பாவின் ஒரு கையில் மைக், மறு கையில் விசில். தூக்குவதற்குக் கை இல்லை. டிரம் நிற்காதவரை கிதாரும் நிற்கவில்லை.

அதனால் அப்பா ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் கத்தினார்.

"தண்ணி கூடுது!" டிரம். "ஏறி வா!" டிரம். "ஏலே, ஏறி வா!" விசில்.

மரத்தில் இருந்த ஸ்பீக்கர் அதை அருவிக்குள் கொண்டுபோய்க் கொட்டியது. கிதார், டிரம், அப்பாவின் குரல் மூன்றும் ஒன்றாகத்தான் உள்ளே போயின. வெறும் குரலாக இருந்தால் அருவி விழுங்கியிருக்கும். முதலில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். அவனைப் பார்த்துப் பத்துப் பேர் திரும்பினார்கள். பிறகு எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். செந்தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தபோது கீழே ஓர் ஆள் இல்லை.

அப்பா மைக்கை வீசிவிட்டு அருவிக்கரைக்குத் திரும்பி ஓடினார்.

குளிக்கத் தடை. துண்டோடும் ஈரப் புடவையோடும் வெளியே வந்த சனத்துக்குப் போக்கிடம் இல்லை. மேடை முன்னால் வந்து நிறைந்தது. உடம்பிலிருந்து ஆவி பறந்தது. நல்லெண்ணெய் வாசனை மூச்சை முட்டியது. அவர்கள் உயிரோடு வெளியே வந்தது அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு. இன்னொரு முறை வேண்டும் என்றார்கள். "ஏறி வா! ஏறி வா!" என்று கத்தினார்கள். சித்தப்பா மறுபடி ஆரம்பித்தார். இடைவெளி வந்ததும் கத்த ஆள் இல்லை. பழக்கடை அண்ணாச்சியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறிக் கத்தினார். முடிக்கத் தெரியாமல் கடைசியில் கையைத் தூக்கினார். டிரம் நின்றது.

அன்று மாலை அப்பா ஈரச் சட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். எப்போதும் இல்லாத மாதிரித் தம்பியை ஏறிட்டுப் பார்த்தார்.

"அது யாரு போட்ட பாட்டுலே?"

"தெரியலண்ணே. அன்னைக்கு அந்த வேன்ல கேட்டது."

"அப்ப அடுத்தவன் பாட்டு."

"ஆமாண்ணே."

"நாளைக்கு எவனாவது கேட்டா என்னோடதுன்னு சொல்லிராத. அடுத்தவன் பொருளை எடுத்து வச்சிக்கிட்டு என்னோடதுன்னு சொன்னா அதுக்குப் பேரு என்னன்னு தெரியும்லா? போலீஸ்காரன் வீடு இது."

"சரிண்ணே."

"இல்லப்பா" என்றேன் நான். "வேன்ல வந்தது வேற. சித்தப்பா வாசிச்சது வேற."

"சின்னப் பிள்ளைக்கு என்னட்டி தெரியும்? போய்ப் படி."

விசாரணை அத்தோடு முடிந்தது. அப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தம்பியே வாக்குமூலம் கொடுத்த பிறகு அவர் வேறு என்ன தீர்ப்புச் சொல்லியிருக்க முடியும்? சாட்சியை மட்டும் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

சித்தப்பா சொன்னபடியே செலக்‌ஷனுக்குப் போனார், தேறிப் போலீஸ்காரர் ஆனார். கிதாரை ஒரு மெல்லிசைக் குழு வாங்கிக்கொண்டது. ஏதோ கல்யாணப் பந்தலில் மழையில் நனைந்து பலாக்கட்டை பிளந்துவிட்டது என்று கேள்வி. உறுதிப்படுத்த முடியவில்லை.

பாட்டு நிற்கவில்லை. டிரம் அண்ணாச்சி அதைக் கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோனார். கச்சேரிக் குழுக்கள் எடுத்துக்கொண்டன. அன்று குற்றாலத்தில் தற்செயலாக நடந்தவை எல்லாம் சடங்காகிவிட்டன. பாதிப் பாட்டில் குழுவைச் சேராத ஒருவர்தான் மேடையேறிக் கத்த வேண்டும். அவர் கை தூக்கும்வரை டிரம் நிற்காது. அந்தக் கத்தல் யாருக்கு என்பதில் ஊருக்கு ஊர் போட்டி. கடையம் பக்கம் லீவில் வந்த பட்டாளத்துக்காரருக்குக் கொடுப்பார்கள். புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை அண்ணாச்சி ஒருவர் வருடா வருடம் விட்டுக்கொடுக்காமல் கத்தினார். செங்கோட்டைப் பக்கம் மலையாளம் கலந்து 'ஏறி வா' 'கேறி வா' ஆகிவிட்டது. எங்கேயும் கிதார் சுத்தமாக ஒலிக்கக் கூடாது. உறுமவில்லை என்றால் சனம் ஒப்புக்கொள்ளாது.

அப்பா பிற்காலத்தில் ஒரு கொடைக்குப் பந்தோபஸ்து போனபோது நானும் அங்கே இருந்தேன். அந்தப் பாட்டு வந்தது. டியூட்டியில் இருக்கிற போலீஸ்காரர் மேடையைப் பார்க்கக் கூடாது, கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். அப்பா மேடைக்கு முதுகைக் காட்டி விறைப்பாகத்தான் நின்றார். வலது பூட்ஸ் மட்டும் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. அவர் காலமான பிறகு அந்தப் பித்தளை விசில் என்னிடம் வந்தது.

நான் மதுரையில் ஒரு நாளிதழில் பல வருடம் இருந்தேன். மற்றவர்கள் எழுதியது சரிதானா என்று பார்ப்பது வேலை. ஒரு நாள் உடன் வேலை பார்த்தவர் பழைய ஆங்கிலக் கேசட் ஒன்றைப் போட்டார். எடுத்த எடுப்பில் அந்தக் கத்தல். என் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. வேனில் வந்த பாட்டு அதுவேதான். திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். அது ஓடியது, எங்களுடையது நடந்தது. அது இறங்கியது, எங்களுடையது ஏறியது. இரண்டுக்கும் பொதுவாக ஓர் இடம்கூட இல்லை. அன்று அப்பா விசில் ஊதாமல் இருந்திருந்தால் சித்தப்பா அதை முழுசாகக் கேட்டிருப்பார். நமக்கு ஒரு நகல்தான் கிடைத்திருக்கும்.

உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஒருக்க கேட்டுப் பாருங்க சித்தப்பா."

"வேண்டாம்ட்டி. அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டாவ."

அதைக் கேட்டால் அண்ணன் சொன்னது தவறு என்றாகிவிடும். அந்த இடத்துக்குப் போக அவர் தயாராக இல்லை. எத்தனையோ வருடம் கேட்டும் அதே பதில்.

இந்த ஆடியில் எங்கள் ஊர்க் கொடைக்கு இளவட்டக் குழு ஒன்றைப் பேசியிருந்தார்கள். தென்காசிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள். கிதார் வாசிப்பது சுரண்டையைச் சேர்ந்த பெண். கொடைக்கு முன்னால் ஒரு நாள் சித்தப்பாவைத் தேடி வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"தாத்தா, 'ஏறி வா' வாசிக்கப் போறோம். யாரு பாட்டுன்னு மேடையில சொல்லணும்லா?"

"எவனோ வெள்ளைக்காரன் பாட்டுன்னு சொல்லு பிள்ள."

"எந்த வெள்ளைக்காரன்? நாங்களும் தேடாத எடம் இல்ல. அப்படி ஒரு பாட்டே இல்ல தாத்தா."

"இருக்கும். சரியாத் தேடியிருக்க மாட்டிய."

"அடுத்தவங்க பாட்டுன்னா அவங்க பேரச் சொல்லித்தான வாசிக்கணும்? பேரு தெரியாம நாங்க எப்படி மேடை ஏறுதது? போலீஸ்ல இருந்தவிய, நீங்களே சொல்லுங்க."

சித்தப்பா என்னைப் பார்த்தார். அண்ணன் சொன்னதும் அதைத்தானே. பொருள் அடுத்தவனுடையது என்றால் அவன் யார் என்று கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். நான் அந்தப் பாட்டின் பேரைச் சொன்னேன். அந்தப் பெண் போனில் தேடி எடுத்து, ஹெட்போனைச் சித்தப்பாவின் காதில் மாட்டினாள்.

கத்தல் வந்த இடம் எங்களுக்குத் தெரிந்தது. அவர் உடம்பு ஒருமுறை அதிர்ந்தது. வேனுக்குப் பின்னால் ஓடித் தவறவிட்ட மீதியை அன்றுதான் முதன்முதலாக, கண்ணை மூடி, முழுசாகக் கேட்டார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதேதான். வேன்ல வந்தது இதேதான்."

என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, இது ஓடுதுல்லா?"

"ஆமா, சித்தப்பா."

"நம்மது நடக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பெண் ஏதோ கேட்க வாயெடுத்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன்.

கொடையன்று சாயங்காலம். மெல்லிய சாரல். மேடையேறிக் கத்துகிற மரியாதையை ஊர் இந்த வருடம் சித்தப்பாவுக்குக் கொடுத்தது. அப்பாவின் விசிலை அவர் கையில் கொடுத்தேன். வாயில் வைத்து மெல்ல ஊதிப் பார்த்தார். கணீரென்று கேட்டது. தலையை ஆட்டினார். தண்ணீர்ப் பானையில் டம்ளரை விட்டு மொண்டு, விசிலை அதில் முக்கி, நன்றாக ஊறவிட்டு எடுத்தார். மறுபடி ஊதினார். இப்போது கரகரத்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேடையேறினார்.

அந்தப் பெண்ணின் கிதார் உறுமியது. விலையுயர்ந்த கிதார், காலடியில் வரிசையாக ஒலியை மாற்றுகிற பெட்டிகள். பலாக்கட்டையின் உறுமலுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டாள். டிரம்மின் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் சித்தப்பா சரியாகக் கத்தினார். "தண்ணி கூடுது! ஏறி வா!" கூட்டம் திருப்பிக் கத்தியது. சிறுபிள்ளைகள் வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் விசில்கள் எல்லாம் ஒன்றாகக் கிறீச்சிட்டன.

பாட்டு முடிகிற இடம் வந்தது. கிதார் நின்றது. டிரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது, மேடையேறியவர் கையைத் தூக்க வேண்டுமே. சித்தப்பா உடனே தூக்கவில்லை. டிரம் அடிக்க விட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்து நின்றார். மைக்கைச் சரிசெய்துகொண்டார். பிறகு விசில் பிடித்திருந்த கையை மேலே தூக்கினார்.

சத்தம் அடங்கியது.

"பாட்டு நான் போட்டது" என்றார். "சொல்லு எங்க அண்ணன் சொன்னது."